பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது: சிரப் முதல் மாத்திரை வரை

மருந்து நேரத்துச் சண்டைக்குப் பெரும்பாலும் பிள்ளையின் பிடிவாதம் காரணமில்லை. கொடுக்கும் முறையில்தான் கோளாறு இருக்கும். ஒரே மடக்காக ஊற்றியிருப்போம், கசப்பு நேராக நாக்கில் பட்டிருக்கும், குழந்தை மல்லாந்து படுத்திருக்கும். வளர்ந்த பிள்ளை மாத்திரையைக் கண்டதும் ஓடுவதும் இதே வகைதான். விழுங்குவது எப்படி என்று அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். காய்ச்சலில் துவண்டு கிடக்கும் நாளில், பக்கத்தில் நின்றுகொண்டு "முழுங்கு, முழுங்கு" என்று அவசரப்படுத்தினால் அந்தப் பழக்கம் வந்துவிடாது.

அளவில் தொடங்குங்கள்

மூடியைத் திறக்குமுன் பாட்டிலில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி. மருந்து இருக்கிறது? பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து சிலவற்றில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். ஒரு வேளைக்குரிய அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. அப்படியானால் 12 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 180 மி.கி. அது முதல் சிரப்பில் 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி., சொட்டு மருந்தில் வெறும் 1.8 மி.லி. "போன தடவை ஏழரை கொடுத்தோமே" என்ற நினைப்பில் சொட்டு மருந்தை 7.5 மி.லி. கொடுத்தால், உள்ளே போவது 750 மி.கி.; நாலு மடங்குக்கும் மேல். அதனால் மருந்துக்கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தாலே கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். 24 மணி நேரத்தில் 4 வேளையைத் தாண்ட வேண்டாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கெல்லாம் வேண்டாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

சமையலறை ஸ்பூன் மருந்துக்கு ஆகாது. ஒரு ஸ்பூனில் 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்றில் 7 மி.லி. பிடிக்கும். டீஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி.; இரண்டையும் குழப்பினால் மூன்று மடங்கு மருந்து போய்விடும். வாய்வழி மருந்துக்கென்றே ஊசி பொருத்த முடியாத சிரிஞ்சு விற்கிறது, அதை வாங்குங்கள். கொடுக்கும் அளவுக்குப் பக்கத்தில் வரும் சைஸாக இருக்கட்டும்: 1.5 மி.லி.யை 10 மி.லி. சிரிஞ்சில் எடுத்தால் ஒரு கோடு தவறினாலும் பெரிய வித்தியாசம் ஆகிவிடும். நுனியில் சின்ன மூடி இருந்தால் முதல் நாளே கழற்றிக் குப்பையில் போடுங்கள். அதை மறந்து அழுத்தினால் மூடி பறந்து குழந்தையின் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

மருந்தை இழுத்ததும் சிரிஞ்சின் நுனியை மேலே பார்த்துப் பிடியுங்கள். காற்றுக் குமிழி இருந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றி வெளியே தள்ளுங்கள். குமிழி இருக்குமிடத்தில் மருந்து இல்லை, அவ்வளவும் குறைவுதான். அளவைக் கண்ணுக்கு நேராக வைத்து, மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் விளிம்பில் படியுங்கள். பின்னால் இருக்கும் வளையத்தில் அல்ல. மூடியோடு வரும் சின்னக் கப்பில் அளப்பதானால் மேசை மேல் வைத்துக் குனிந்து பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் மட்டம் சாயும். 5 மி.லி.க்குக் குறைந்த அளவுக்குக் கப்பை நம்ப வேண்டாம்.

"நன்றாகக் குலுக்கவும்" என்று போட்டிருப்பதை நிறையப் பேர் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். சில மருந்துகள் தண்ணீரில் கரைவதில்லை, தூளாக மிதக்கும். நிற்க வைத்தால் அடியில் படியும். குலுக்காமல் கொடுத்தால் முதல் சில நாள் நீர்த்த மருந்தும் கடைசி நாட்களில் கெட்டி மருந்தும் போகும். குழந்தைக்குக் குணமாகாமல் இழுக்க இதுவும் ஒரு காரணம்.

பொடியாக வரும் ஆன்டிபயாடிக் பாட்டிலில் தண்ணீர் சேர்ப்பது தனி வேலை. முதலில் பாட்டிலைத் தட்டி, ஒட்டியிருக்கும் பொடியை உதிர்த்துவிடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் பாதியை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கும்வரை பொறுங்கள். பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். நுரையின் மேல்மட்டத்தைக் கோடாக எண்ணி நிறுத்தினால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். அட்டைப் பெட்டிக்குள்ளேயே அளந்த தண்ணீர் வந்திருந்தால் அதை மட்டும் ஊற்றினால் போதும். கலந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதிவையுங்கள். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த கலவை ஃப்ரிட்ஜில் பொதுவாக 7 நாள்தான் தாங்கும். மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

வாய்க்குள் எப்படிப் போகவேண்டும்

கைக்குழந்தையை மடியில் சாய்ந்த வாக்கில் உட்காரவைத்து, தலையை முழங்கை மடிப்பில் தாங்குங்கள். தலை உடம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். சிரிஞ்சின் நுனி ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில், கன்னத்தைப் பார்த்தபடி போகட்டும். நேராகத் தொண்டையைக் குறிவைத்துப் பீய்ச்சினால் புரையேறும். நாக்கு நுனியில் விட்டாலோ அது தானாக வெளியே தள்ளிவிடும். சின்னக் குழந்தைகளின் நாக்குக்கு அது இயல்பு, மருந்து வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாடையில் வழிந்ததை சிரிஞ்சு நுனியாலேயே வழித்து மறுபடி கன்னத்துக்குள் விடலாம்.

ஒரு தள்ளுக்கு அரை மி.லி. போதும், ஒரு வயது தாண்டினால் 1 மி.லி. தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த தள்ளு. 5 மி.லி.யை இப்படிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் பொறுக்காததால்தான் பாதி வாந்தி வருகிறது. கை காலை உதறும் குழந்தையானால் ஒரு துண்டில் கைகளைச் சேர்த்துச் சுற்றிக்கொள்ளுங்கள்.

மூக்கைப் பொத்தி ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மூக்கு அடைபட்டால் குழந்தை வாயால் மூச்சிழுக்கும், அந்த நேரத்தில் வாயில் மருந்து இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குப் போகும். வீறிட்டு அழும்போது ஊற்றுவதும் இதேதான்: ஒவ்வொரு அழுகைக்கும் முன்னால் ஒரு பெரிய மூச்சு உள்ளே போகிறது. அழுகை தணியும் இடைவெளிக்குக் காத்திருங்கள்.

பால் பாட்டிலில் மருந்தைக் கலக்க வேண்டாம். குழந்தை முக்கால் பாட்டிலோடு நிறுத்தினால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. அதற்குமேல், சுவை மாறிய பாலை ஒருமுறை ருசித்த குழந்தை அடுத்த வேளைப் பாலையும் சந்தேகிக்கும். கலந்துதான் ஆகவேண்டும் என்றால், கலக்கலாமா என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு ஸ்பூன் பழக்கூழில் கலந்து உடனே ஊட்டுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் விதைகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

இரும்புச்சத்து மருந்து, டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் (பின்னிரண்டும் ஆன்டிபயாடிக்குகள்) மூன்றையும் பாலோடு கொடுக்காதீர்கள். பாலிலுள்ள கால்சியம் மருந்தை உடம்பில் சேரவிடாது. இரும்புச்சத்து மருந்து பல்லையும் கறுப்பாக்கும், அதனால் கன்னத்தின் பின்பக்கமாக விட்டுப் பிறகு வாயைக் கழுவிவிடுங்கள். பெரிய பிள்ளையானால் ஸ்ட்ரா போதும்.

கசப்பு

கசப்பை முழுக்க ஒழிக்க முடியாது, மழுங்கடிக்கலாம். குளிர்ச்சி நாக்கை மரத்துப் போகவைக்கும்: மருந்துக்கு முன் ஒரு நிமிடம் ஐஸ் துண்டையோ குச்சி ஐஸையோ சப்பக் கொடுங்கள். (மூன்று, நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐஸ் துண்டு வேண்டாம், குச்சி ஐஸே நல்லது.) ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று போட்டிருக்கும் மருந்தைக் குளிரவைத்தே கொடுங்கள். அடுத்த வழி பூச்சு: ஒரு ஸ்பூன் சாக்லேட் சாஸ் நாக்கில் படிந்தபின் மருந்து போனால் கசப்பு பாதிதான் தெரியும். பின்னால் குடிக்கவேண்டிய பானத்தை மருந்துக்கு முன்பே கையில் எடுத்து வைத்திருங்கள். மருந்து இறங்கியபின் டம்ளரைத் தேடிப்போனால் அதற்குள் முகம் சுளித்து ஓங்கரிப்பு வந்துவிடும்.

கசப்புக்குப் புளிப்பு மாற்று என்று எல்லா மருந்துக்கும் ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பில் அது நேர்மாறாக வேலை செய்யும். அதிலுள்ள துகள்களுக்குக் கசப்பை மறைக்க ஒரு பூச்சு இருக்கிறது. புளிப்பு அந்தப் பூச்சைக் குலைத்துக் கசப்பை வெளியே விட்டுவிடும்.

பேச்சும் முக்கியம். "மருந்து குடிக்கிறியா கண்ணு?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பது நியாயமான பதில்தானே. குடிப்பதா வேண்டாமா என்பது பேச்சுக்கு வரவே கூடாது, "மருந்து நேரம் ஆச்சு. சிவப்பு டம்ளரா, நீல டம்ளரா?" என்று மற்றதில் தேர்வு கொடுங்கள். சிரிஞ்சைப் பிடித்து அழுத்தும் வேலையை மூன்று வயதுப் பிள்ளையே செய்யும், நீங்கள் நுனியைப் பிடித்தால் போதும். கசப்பான மருந்தை "இனிப்பா இருக்கும்" என்று பொய் சொன்னால் அது ஒருநாள்தான் செல்லும். மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுப்பதோ ஆபத்து. அலமாரியில் இருக்கும் "மிட்டாயை" பிள்ளை தானே தேடிப்போகும்.

குடித்த சில நிமிடத்தில் மருந்து அப்படியே வாந்தியில் வந்தால் பல மருந்துகளுக்கு அந்த வேளையை மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் கடந்திருந்தால் பொதுவாகத் தேவையில்லை. நடுவில் இருக்கும் நேரமும், வலிப்பு, இதயம், கடும் வலி இவற்றுக்கான மருந்துகளும் ஊகத்துக்கு விடக்கூடியவை அல்ல. டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள்.

மாத்திரை விழுங்கப் பழக்குவது

மாத்திரை விழுங்குவது நீச்சல் மாதிரி: ஆற்றில் விழுந்த பிறகு கற்க முடியாது. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில், மருந்தே இல்லாமல் பழக்க வேண்டும். ஆறு, ஏழு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தயார், சிலர் நாலு வயதிலேயே கற்றுவிடுவார்கள். சாப்பாட்டை விழுங்கும்போதே அடிக்கடி புரையேறும் பிள்ளை, நரம்பு அல்லது வளர்ச்சிக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

தேவையானவை தண்ணீரும், சின்னதிலிருந்து பெரியது வரை நாலைந்து அளவில் வாயில் கரையக்கூடிய மிட்டாய்களும். கேக்கின் மேல் தூவும் சர்க்கரை மணியில் தொடங்கி, மாத்திரை அளவுள்ள வழவழப்பான மிட்டாயில் முடியட்டும். கரையக்கூடியதாக இருந்தால் தொண்டையில் நின்றாலும் தானே கரைந்து போகும். உருண்டையான, கெட்டியான பெரிய மிட்டாய் கூடவே கூடாது. மூச்சுக்குழாயை அடைக்கும் வடிவம் அதுதான்.

நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் வெறும் தண்ணீர் இரண்டு மடக்கு, வாயும் தொண்டையும் நனையட்டும். மிட்டாயை நாக்கின் நடுவில் வைக்க வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் ஓங்கரிப்பு வரும், முன்னால் வைத்தால் தண்ணீர் மட்டும் உள்ளே போய் மிட்டாய் நாக்கிலேயே நிற்கும். நீளவாக்கு மாத்திரையானால் அதன் நீளம் நாக்கின் நீளத்தோடு ஒத்திருக்க வேண்டும். பிறகு பார்வை நேராக, இரண்டு மூன்று மடக்கு நிறுத்தாமல் குடிக்க வேண்டும். மாத்திரையைப் பற்றி யோசிக்காமல் தண்ணீர் குடிப்பதிலேயே கவனம் இருந்தால் அது கூடவே போய்விடும்.

ஒரு அளவை ஐந்து முறை தொடர்ந்து விழுங்கினால் அடுத்த அளவுக்குப் போங்கள். இரண்டு முறை தவறினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, அதில் ஒன்றை விழுங்க வைத்து அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். தோல்வியோடு எழுந்திருக்க விடக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். பலருக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். "இது பழக மட்டும், மருந்து மிட்டாய் இல்லை" என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தலையை அண்ணாந்து விழுங்கும் பழக்கம் பெரியவர்களிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு வருகிறது. அப்படிச் செய்தால் தொண்டைத் தசைகள் இறுகி விழுங்குவது கடினமாகும், புரையேறவும் வாய்ப்பு அதிகம். கேப்சூலுக்கு அது இன்னும் மோசம். கேப்சூல் எடை குறைவு, தண்ணீரில் மிதக்கும். அண்ணாந்தால் அது பற்களின் பக்கம் மிதந்து வரும், தண்ணீர் மட்டும் தொண்டைக்குப் போகும். கேப்சூலை நாக்கில் வைத்து, ஒரு மடக்கு தண்ணீரை வாயில் நிறுத்தி, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, குனிந்தபடி விழுங்கச் சொல்லுங்கள். மிதக்கும் கேப்சூல் இப்போது தொண்டைப் பக்கம் போய் நிற்கும். மாத்திரை கனம், அடியில் தங்கும். அதற்கு அமுங்கக்கூடிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் உதவும்: மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயை உதடுகளால் இறுக மூடி, காற்று போகாமல் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். பாட்டில் உள்ளே ஒடுங்கும், மாத்திரை தண்ணீரோடு வழுக்கிப் போகும். இந்த இரண்டு முறைகளையும் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகக் குழு பெரியவர்களிடம் சோதித்து 2014-ல் வெளியிட்டது. பெரும்பாலோருக்கு இவை எளிதாக இருந்தன. பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தோதானவை.

விழுங்கியபின் "தொண்டையில நிக்குது" என்று பிள்ளை சொன்னால், பெரும்பாலும் மாத்திரை உரசிப்போன இடத்தின் உணர்வுதான் அது. இன்னும் கொஞ்சம் தண்ணீர், ஒரு வாய் மிருதுவான உணவு போதும். பேச முடியாமல், இருமவும் முடியாமல் திணறினால் அது வேறு. உடனே முதலுதவியும் அவசர உதவியும் வேண்டும். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் எடுக்கும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டு படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு வலிக்கும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், அதன்பின் அரைமணி நேரமாவது படுக்காமல் இருப்பது, இரண்டும் கட்டாயம்.

உடைக்கலாமா, பொடிக்கலாமா

கேட்காமல் செய்யாதீர்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால் அது மெதுவாக மருந்தை விடும் மாத்திரை. பொடித்தால் ஒரு நாள் முழுக்கப் போகவேண்டியது ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறும். ஈ.சி. என்றால் வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரைவதற்கான பூச்சு. உடைத்தால் மருந்து வயிற்றிலேயே வீணாகலாம், இல்லையென்றால் வயிற்றைப் புண்ணாக்கும். சில கேப்சூல்களைத் திறந்து உள்ளே இருக்கும் மணிகளை ஒரு ஸ்பூன் பழக்கூழில் தூவலாம். அப்போதும் மணிகளை மெல்லக் கூடாது.

பொடிக்கலாம் என்று சொன்ன மாத்திரையை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே அழுத்திப் பொடித்து, ஒரே ஒரு ஸ்பூன் கூழில் குழைத்து உடனே ஊட்டி, ஸ்பூனில் ஒட்டியதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுங்கள். முன்கூட்டியே பொடித்து வைக்க வேண்டாம். பாதி மாத்திரை என்றால் நடுவில் கோடு இருக்கிறதா பாருங்கள், மாத்திரை வெட்டியில் வெட்டுங்கள். கத்தியில் வெட்டினால் ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி தூளாகவும் போகும்.

பதின்வயதில்

இங்கே சிக்கல் தொண்டையில் இல்லை. மாத்திரை விட்டுப்போவதற்கு மறதி ஒரு காரணம், நண்பர்கள் முன்னால் போட்டுக்கொள்ளக் கூச்சம், "நல்லாத்தானே இருக்கேன்" என்ற எண்ணம், சொல்லாமல் மறைக்கும் பக்கவிளைவு ஆகியவை மற்றவை. "ஒழுங்கா போட்டியா?" என்று கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை தடவை விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம் என்று அந்தக் கேள்வியே ஒப்புக்கொள்வதால் உண்மை வர வாய்ப்புண்டு. ஏழு அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டியைப் பிள்ளையே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். காலையில் பல் துலக்குவது போல ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு மாத்திரையை இணைத்தால் போன் அலாரத்தைவிட நன்றாக நிற்கும். விட்டுப்போனதற்கு ஈடாக அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படையுங்கள், ஆனால் மொத்த இருப்பு பெரியவர் கையில் இருக்கட்டும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போட்டால் இரட்டை அளவு போகும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும், அது முதல் நாளில் வெளியே தெரியாது. டாக்டர் சொல்லாமல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது அது ரெய்ஸ் சிண்ட்ரோம் என்ற ஆபத்தான நிலையை உண்டாக்கலாம்.

எல்லாம் செய்தும் ஒரு மருந்து இறங்கவே மாட்டேன் என்றால் நாளுக்கு மூன்று முறை மல்லுக்கட்டாமல் டாக்டரிடம் வேறு வடிவம் கேளுங்கள். மருந்தின் செறிவு அதிகமுள்ள சிரப் இருந்தால் 10 மி.லி.க்குப் பதில் 5 மி.லி.யோடு முடியும். மூன்று வேளை மருந்துக்கு ஒரு வேளை மாற்று இருக்கலாம். தண்ணீரில் கரைக்கும் மாத்திரை, மெல்லும் மாத்திரை, நாக்கிலேயே கரையும் மாத்திரை எல்லாம் உண்டு. கடைசியாகச் சொன்னதை ஈரக் கையால் தொடாதீர்கள். அட்டையின் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளினால் நொறுங்கும். மேலேயுள்ள தாளை உரித்து எடுத்து, உடனே நாக்கில் வையுங்கள்.